சுவர் தாண்டிய கறுப்பு வயர்

மேலகரத்தில் செந்தில்வேல் வீட்டு வயரிங் வேலையை முடித்துக் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலை ஏழேகாலுக்கு, கல்லில் மூன்றாவது தோசை வெந்துகொண்டிருந்தபோது ரூபியின் போன் அடித்தது.

"ஏம்மா, நீ மாட்டிட்டுப் போன பெட்டி நேத்தே ஒருக்க விழுந்துது, இன்னைக்கு விடிஞ்சதுலேர்ந்து நாலு தடவ விழுந்துட்டு. தூக்கி விட்டா நிக்கி, கொஞ்ச நேரத்துல டப்புனு விழுந்துருது. பன்னெண்டு மணிக்கு மதுரையிலேர்ந்து ஆளு வாராங்க. குளிக்க வெந்நி இல்லேன்னா என்னைய உண்டு இல்லேன்னு ஆக்கிருவாங்க."

"இந்தா வாரேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் அதுல யாரும் கைய வைக்காதிய."

தோசைக்கரண்டியைக் கணவன் பெஞ்சமின் கையில் கொடுத்துவிட்டு, கருவிப் பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கிளம்பினாள். தென்காசியைத் தாண்டியதுமே சாரல் முகத்தில் அடித்தது. ஜூன் மாதத்து இரண்டாவது வாரம். அருவியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்று செய்தி பரவி, குற்றாலம் ரோட்டில் வெளியூர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன.

ரூபிக்கு முப்பத்தெட்டு வயது. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்தபோது அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். லைசென்ஸ் வாங்கி வேலைக்குப் போன புதிதில், கதவைத் திறப்பவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வேறு யாரையாவது தேடுவார்கள். பதினாறு வருடத்தில் அந்தப் பார்வை மறைந்துவிட்டது. கடையத்திலிருந்து செங்கோட்டை வரைக்கும், "கரண்டு அடிக்குதா? ரூபியக் கூப்பிடு" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். தன் வேலையில் அவளுக்குச் சந்தேகம் வருவது அபூர்வம். இன்று வண்டி ஓட்டும்போதும் சந்தேகம் வரவில்லை. எங்கேயோ ஒரு கசிவு இருக்கிறது, அதைப் பெட்டி கண்டுபிடித்திருக்கிறது, இனி தானும் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செந்தில்வேல் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா கட்டிய பெரிய வீட்டில் மேற்குப் பாதி அவருடையது. அதில் மாடியைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். போன வருடம் அங்கே தங்கிய ஒரு பெண் குளியலறையில் குழாயைத் திறந்ததும் கரண்டு அடித்துத் தூக்கி எறியப்பட்டாள். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்தாள். அதற்குப் பிறகு செந்தில்வேலுக்கு ஒவ்வொரு விருந்தாளி குளிக்கப் போகும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த முறை சீசனுக்கு முன்பே ரூபியை அழைத்துவிட்டார்.

அவள் பார்த்தபோது ஹீட்டர் பிளக்கில் பச்சை வயர் இருந்தது. அதைப் பிடித்து இழுத்தாள். சுவருக்குள்ளிருந்து மூன்றடி வயர் கையோடு வந்துவிட்டது. மறுமுனை எதிலும் சேரவில்லை. கரண்டு கசிந்தால் மண்ணுக்குப் போக வழியே இல்லாமல், குழாயைத் தொடுகிற ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்த வீடு அது.

உடனே குழி வெட்டுகிற குற்றாலிங்கத்தைக் கூட்டி வந்து எர்த் குழி தோண்ட வைத்தாள். முன்பக்கம் மூன்றடியிலேயே பாறை தட்டியது. தென்னைமரத்தடிக்கு மாறினார்கள். அங்கே கடப்பாறை எட்டடிவரை இறங்கியது. பைப்பை நட்டு, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, அங்கிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் புதிய பச்சை வயர் இழுத்தாள். கடைசியாக மெயினுக்குப் பக்கத்தில் ஆர்சிசிபி மாட்டினாள். லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சரிசமமாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டி அது. கணக்குக் கொஞ்சம் பிசகினாலும், யாரோ ஒருவர் உடம்பு வழியாகக் கரண்டு போகிறது என்று எடுத்துக்கொண்டு அந்த நொடியே அணைத்துவிடும். அந்தப் பெட்டிதான் இப்போது நிற்க மாட்டேன் என்கிறது.

செந்தில்வேல் வாசலிலேயே நின்றிருந்தார்.

"இப்ப அஞ்சாவது தடவ" என்றார்.

ரூபி ஹீட்டர், பிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள். பெட்டியைத் தூக்கினாள். நின்றது. கால் மணி நேரம் கழித்து விழுந்தது. அடுத்து, வரிசையாக இருந்த சுவிட்சுகள் அத்தனையையும் கீழே இறக்கினாள். வீட்டில் ஒரு பல்புக்குக்கூட லைன் போகவில்லை. ஆர்சிசிபியை மட்டும் தூக்கினாள். அவள் கையை எடுப்பதற்குள் விழுந்தது.

ரூபி முதல் முறையாகப் புருவத்தைச் சுருக்கினாள்.

"வீட்டுல ஒண்ணுமே ஓடல, பெறவு எதுக்கு விழுது?" செந்தில்வேலின் குரல் ஏறியது. "பெட்டியிலதான் கோளாறு. தெருமுனைக் கடைக்காரன் சொல்லுதான், பெட்டிய விட்டுட்டு ரெண்டு வயரையும் நேரா சேத்து விட்டா பிரச்சினையே இல்லேன்னு. சேத்து விடும்மா. சீசன் முடியட்டும், பெறவு பாத்துக்கிடலாம்."

"சேத்து விட்டா விழாதுதான் அண்ணாச்சி. போன வருசம் அந்தப் பொண்ண அடிச்சப்பவும் இங்கன ஒண்ணும் விழலையே."

செந்தில்வேல் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது தெருவில் ஒரு குரல் கேட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உயரமாக ஒரு கிழவர் வாசல்படிக்கு வெளியே நின்று ரூபியைப் பார்த்துப் பேசினார். செந்தில்வேல் பக்கம் அவர் முகம் திரும்பவேயில்லை.

"ஏம்மா, நீதான கரண்டுக்காரி? இந்த வீட்டுக்காரர்ட்ட சொல்லு. எங்க வீட்டு மேல கோவம் இருந்தா நேரா வந்து பேசச் சொல்லு. வயர நோண்டி எங்க பின்கட்டுல கரண்ட நிறுத்துத சோலியெல்லாம் வேண்டாம்."

அவர் செந்தில்வேலின் அண்ணன் பிச்சுமணி. வீட்டின் கிழக்குப் பாதிக்காரர். பாகப்பிரிவினையில் மூண்ட சண்டை, நடுக்கூடத்தில் ஒரு சுவராக எழும்பிப் பதினோரு வருடம் ஆகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே கோயிலுக்குப் போய் வேறு வேறு வாசலில் வெளியே வருகிறவர்கள். ரூபி வேலை பார்த்த ஆறு நாளில் செந்தில்வேல் அந்தச் சுவரை ஒருமுறைகூடப் பேச்சில் எடுத்ததில்லை.

"நான் யார் வயரையும் நோண்டல. அவர்ட்ட சொல்லும்மா" என்றார் செந்தில்வேல், அவரும் ரூபியைப் பார்த்தே.

ரூபி இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கேள்விக்கு வந்தாள். "பெரியவரே, கரண்டு எப்ப போவுது?"

"ரெண்டு நாளா இதே கூத்துதான். எங்க வீட்டம்மா வாசிங் மிசின் போட்டா ஓடவே மாட்டேங்கு. போட்ட ஒடனே நின்னுருது. முன்பக்கம் எல்லாம் எரியுது, பின்கட்டு மட்டும் செத்துக் கெடக்கு."

ரூபி மெயினை அணைத்தாள். பலகையில் நியூட்ரல் கம்பிகள் எல்லாம் ஒன்றுசேர்கிற பித்தளைப் பட்டையில் ஸ்குருவைத் தளர்த்தி, கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, டெஸ்டரை வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. எதிலும் வெளிச்சம் இல்லை. நான்காவது, பழைய துணி சுற்றிய வயர். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

மெயின் அணைந்திருக்கிறது. வீட்டுக்குள் துளிக் கரண்டு இல்லை. ஆனாலும் ஒரு நியூட்ரல் வயரில் முழு உயிர் இருக்கிறது. அது சுவர் தாண்டி வருகிறது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாகம் பிரித்தபோது எவனோ ஒரு வயர்மேன் இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் வைத்து, லைனை மட்டும் பிரித்துவிட்டு, பின்கட்டு நியூட்ரலை அப்படியே விட்டுவிட்டான். கிழக்கு வீட்டு மிசினுக்குப் போகிற கரண்டு, திரும்பும்போது மேற்கு வீட்டு வழியாகத் திரும்புகிறது. பழைய பியூஸுக்கு அது தெரியாது. ஆர்சிசிபிக்குத் தெரியும். மிசின் ஓடத் தொடங்கியதும் கணக்குப் பிசகிப் பெட்டி விழுகிறது, விழுந்ததும் அந்த நியூட்ரல் அறுபடுகிறது, மிசின் நிற்கிறது.

கண்டுபிடித்துவிட்ட திருப்தி ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடி அவள் கிழக்குச் சுவர் பக்கம் திரும்பினாள். நியூட்ரல் இல்லாமல், லைன் மட்டும் அந்த மிசினுக்குள் போய் நின்றுகொண்டிருக்கிறது. இந்த வீட்டில் எர்த் வயரைச் சுவருக்குள் அந்தரத்தில் விட்டவன், அந்த வீட்டில் என்ன செய்து வைத்திருப்பான்?

"மிசின் சுவிட்ச ஆப் பண்ணிட்டா வந்திய?"

"இல்ல. கரண்டு வந்தா ஓடட்டும்னு போட்டபடியே கெடக்கு. நேத்தெல்லாம் அவ ஆப் பண்ணிருவா. நான்தான் இன்னைக்கு..."

ரூபி மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடினாள். பிச்சுமணியைத் தாண்டி, கிழக்கு வாசலில் ஏறி, அடுப்பங்கரை வழியாகப் பின்கட்டுக்குப் பாய்ந்தாள். சிமிண்டுத் தளமெல்லாம் சோப்புத் தண்ணீர். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு, ஈரக்கையோடு மிசினின் மூடியைத் திறக்கக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! தொடாதிய! கைய எடுங்க!"

அந்தக் குரலுக்கு, பிச்சுமணியின் மனைவி இராமலட்சுமி கையை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். மிசினுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்திருக்கும்.

"யாருட்டி நீ?" என்றாள் மூச்சு வாங்க.

"நவுந்து அந்த ஒசந்த படியில நில்லுங்க, சொல்லுதேன்."

ரூபியின் காலில் தடித்த ரப்பர் அடி வைத்த ஷூ இருந்தது. மீட்டரின் ஒரு முனையை மிசினின் தகரத்தில் வைத்தாள். மறு முனையைக் குழாயில் வைத்தாள். பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த பிச்சுமணி, அந்தச் சின்னக் கண்ணாடியில் எண்களைப் பார்த்தார். இருநூற்று இருபத்தாறு.

"இது என்னம்மா?"

"வோல்ட்டு. மிசினோட ஒடம்பு பூரா கரண்டு நிக்கி, பெரியவரே. அக்கா வெறுங்காலோட ஈரத்துல நின்னு இதத் தொட்டிருந்தா, இந்த வீட்டுல அணைக்கிறதுக்கு ஒரு பெட்டியும் கெடயாது."

வீட்டு மெயின் எங்கே என்று கேட்டு, போய் அணைத்துவிட்டு வந்தாள். சுவரிலிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றிப் பிரித்துக் காட்டினாள். எர்த் துளையிலிருந்து ஒரு துண்டு வயர், பக்கத்திலிருந்த நியூட்ரல் துளைக்குப் போய் முடிந்திருந்தது. எர்த் இழுக்கச் சோம்பல்பட்டவன் செய்கிற வேலை. நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நியூட்ரல் அறுந்தால் மிசினே கரண்டுக் கம்பி ஆகிவிடும்.

இராமலட்சுமி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இத நான் சொல்லியாகணும்" என்றாள் ரூபி. "இந்தத் தப்பு பதினோரு வருசமா இங்கன கெடக்கு. ஆனா ரெண்டு நாளைக்கு முன்னாடி வரைக்கும் இது யாரையும் அடிக்கல. நான் அந்தப் பக்கம் பெட்டி மாட்டினதுக்குப் பெறவுதான் ஆபத்தாச்சு. ஒரே வீடா இருந்து பிரிஞ்ச வீடுன்னு எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் வந்து பாக்காம வேலைய முடிச்சது என் தப்பு. இப்ப ரெண்டு பக்கத்தையும் சரி பண்ணாம நான் போவ மாட்டேன்."

பிச்சுமணி மீசையைத் தடவினார். தகரத்தின் மேல் பார்த்த எண் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. ஆனாலும் பதினோரு வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "அவன் கூட்டிட்டு வந்த ஆளு என் வீட்டுல..."

"போதும் நிறுத்துங்க" என்றாள் இராமலட்சுமி. உட்கார்ந்த இடத்திலிருந்தே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "போறதா இருந்தது என் உசுரு. இந்தப் பிள்ள ஓடி வந்து தடுத்திருக்கு. நீங்க யாரு ஆளுன்னு விசாரிக்கிய. ஏட்டி, உன் பேரு என்ன? ரூபியா? என்ன பண்ணணுமோ பண்ணு. கேக்க ஆளு கெடயாது."

வேலை தொடங்கியது. கிழக்கு வீட்டுப் பலகையிலிருந்து பின்கட்டுக்குத் தனி நியூட்ரல் இழுப்பது பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் அந்தப் பழைய கறுப்பு வயரை, அது பிரிகிற இடத்திலேயே வெட்டியாக வேண்டும். பாதியில் வெட்டிவிட்டால் நாளைக்கு வேறு எவனாவது அதைப் பிடித்துக்கொண்டு சாவான். அது பிரிகிற ஜங்ஷன் பாக்ஸ் எங்கேயோ பூச்சுக்குள் புதைந்திருந்தது. இரண்டு தடவை வெள்ளையடித்து, ஒரு தடவை சிமிண்டு பூசிய சுவர்.

"மொத மொதல்ல வயரிங் பண்ணும்போது கூட இருந்தவங்க யாரு?" என்று ரூபி கேட்டாள்.

பிச்சுமணி கொஞ்சம் தயங்கினார். "நானும் அவனுந்தான். அப்பா எங்க ரெண்டு பேரையும்தான் ஏணியப் பிடிக்க விட்டாரு."

ரூபி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாசலுக்குப் போய், "அண்ணாச்சி, இங்கன வாங்க. ஒங்க மாடிக்கு வெந்நி வேணும்னா வாங்க" என்று கூப்பிட்டாள். செந்தில்வேல் தன் வாசலில் நின்று கிழக்கு வாசலைப் பார்த்தார். மேலே நிமிர்ந்து சாரலைப் பார்த்தார். பிறகு மழைக்கு ஒதுங்குகிறவரைப்போல விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார்.

கூடத்தில் நின்றதும் அவர் கை தானாகவே உயர்ந்தது. "அந்தப் பரணுக்கு மேல, வலது பக்கம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"பரணுக்கு மேலயா? அது பேன் போட்ட எடம்" என்றார் பிச்சுமணி ரூபியிடம். "பாக்ஸு பூசை அலமாரிக்குப் பின்னால."

"அலமாரி அப்ப அங்கன கெடயாதும்மா. அம்மா காலத்துலதான் வந்துது."

"அலமாரி வரதுக்கு முந்தியே பாக்ஸு அங்கதாம்லே இருந்துது! நீ ஏணிய விட்டுட்டுப் பம்பரம் விடப் போனவன்தான, ஒனக்கு என்னலே தெரியும்?"

பதினோரு வருடத்தில் அண்ணன் தம்பியை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். செந்தில்வேல் முகம் சிவந்தது. "நான் ஒண்ணும் விட்டுட்டுப் போவல. ஒனக்குத்தான் உச்சியில நிக்கப் பயம், அப்பா என்னையத்தான் ஏத்தி விட்டாரு" என்றார் சின்னப் பையனின் ரோஷத்தோடு. பேச்சு ஏணியிலிருந்து பம்பரத்துக்கும், பம்பரத்திலிருந்து யார் உடைத்த ஜன்னலுக்கும் போனது. இராமலட்சுமி தலையில் கைவைத்துக்கொண்டாலும், சிரிப்பை மறைக்க அவளால் முடியவில்லை.

ரூபி அவர்களைப் பேசவிட்டுவிட்டு ஸ்குருடிரைவரின் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். பரணுக்கு மேலே கெட்டியாகக் கேட்டது. அலமாரியை நகர்த்தித் தட்டினாள். பொள்ளலான சத்தம் வந்தது. உளியால் நாலு தட்டுத் தட்டியதும் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த தகர மூடி தெரிந்தது.

செந்தில்வேல் அதைக் குனிந்து பார்த்தார். "சரி. அண்ணன் சொன்ன எடந்தான்" என்றார்.

பிச்சுமணி டார்ச்சை எடுத்து வந்து ரூபிக்கு வெளிச்சம் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் கை வலித்தபோது, டார்ச் தம்பி கைக்கு மாறியது.

பதினொன்றரைக்கு இரண்டு வீட்டு நியூட்ரலும் தனித்தனியாகிவிட்டன. ரூபி மேற்கு வீட்டுப் பெட்டியைத் தூக்கிவிட்டு, கிழக்கு வீட்டில் விளக்கு, பேன், கிரைண்டர் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னாள். பெட்டி அசையவில்லை. ஹீட்டரைப் போட்டாள். அசையவில்லை. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினாள். டப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினாள். விழ வேண்டிய நேரத்தில் மட்டும் விழுகிறது என்று தெரிந்ததும், செந்தில்வேல் பெருமூச்சு விட்டார். பன்னிரண்டு மணிக்குச் சொன்ன மதுரைக்காரர்கள் இரண்டு மணிக்கு வந்தார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்தவர்கள், மாடியில் மறுபடியும் வெந்நீரில் குளித்தார்கள்.

மிசின் பிளக்கை மட்டும் ரூபி கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "எர்த் வர்ற வரைக்கும் கையால தொவைக்கணும் அக்கா. ரெண்டு நாள்."

"ரெண்டு நாளா? தொவைக்கத்தான் இந்தா ஆளு இருக்கே" என்று இராமலட்சுமி கணவனைக் காட்டினாள்.

மறுநாள் குற்றாலிங்கம் வந்து கிணற்றடியில் தோண்டினார். குளித்த தண்ணீர் வருடக்கணக்காக ஓடிய மண், வெண்ணெய்போல் வெட்டுப்பட்டது. மூன்றாம் நாள் கிழக்கு வீட்டிலும் பச்சை வயர் ஓடியது, ஆர்சிசிபி ஏறியது. மிசினுக்கும் குழாய்க்கும் நடுவே ரூபி மீட்டரை வைத்தாள். பிச்சுமணி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். பூஜ்யம். அவர் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம்.

சோதனைப் பொத்தானை அழுத்த ரூபி கை நீட்டியபோது, இராமலட்சுமி அவளை விலக்கிவிட்டுத் தன் விரலால் அழுத்தினாள். வீடு மொத்தமும் இருண்டது. "நல்லா வேல செய்யுது" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து. பிறகு பெட்டியைத் தூக்கிவிட்டு, மிசின் மூடியைத் திறந்து, கணவர் துவைக்காமல் விட்ட மூன்று நாள் துணியை உள்ளே திணித்தாள்.

சுவர் அப்படியேதான் நிற்கிறது. அண்ணனும் தம்பியும் அடிக்கடி பேசிக்கொள்வதாகவும் தெரியவில்லை. எங்காவது பல்பு மினுங்கினால், ஒருவர் மற்றவரிடம் "ஒனக்கும் மினுங்குதா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ரூபிதான் ஒன்றை மாற்றிக்கொண்டாள். போன வாரம் வீரகேரளம்புதூரில் புது வேலைக்கு அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பலகையைக் காட்ட உள்ளே கூப்பிட்டார். "இது பாகம் பிரிஞ்ச வீடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். பையை அங்கேயே வைத்துவிட்டு, அவர் திகைத்து நிற்க, ரூபி முதலில் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.